பொருந்தாது என்றொரு மருந்து

இருபது வருடமாக நான் சொல்லிப் பிழைத்து வந்த ஒரே ஒரு பொய்யை விஞ்ஞானம் வந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாக அடங்கவில்லை.

என் பெயர் இந்திராணி. மதுரையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில், சிறுநீரக மாற்றுப் பிரிவில் ஆலோசகர். கத்தி பிடிக்கிறவள் இல்லை, ஊசி போடுகிறவளும் இல்லை. பேசுகிறவள். கிட்னி கொடுக்க முன்வரும் சொந்தக்காரரைத் தனியறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "நிஜமாவே உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்பது என் வேலை. வெளியே பத்துப் பேர் மத்தியில் "நான் தர்றேன்" என்று மார்தட்டிய ஆள், உள்ளே வந்ததும் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுவார். "பயமா இருக்கு மேடம். வேணாம்னு எப்படிச் சொல்லுவேன்?" என்பார். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பேன். பிறகு வெளியே வந்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, காத்திருக்கும் குடும்பத்திடம் ஒரே ஒரு வார்த்தை சொல்வேன்.

"பொருந்தல."

அதோடு முடிந்தது. யாருக்கும் யார்மேலும் வருத்தம் கிடையாது. தம்பி கொடுக்க நினைத்தான், உடம்பு ஒத்துவரவில்லை, அவன் என்ன செய்வான் பாவம் என்று அண்ணிமார்களே ஆறுதல் சொல்வார்கள். அடுத்த பொங்கலுக்கும் எல்லோரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எத்தனை குடும்பங்களை அந்த ஒரு வார்த்தையால் உடையாமல் காப்பாற்றியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. மருத்துவர்களுக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்கள்.

இந்த நிலையில்தான் டாக்டர் தெய்வசிகாமணி வந்து சேர்ந்தார். ஆராய்ச்சிக்காரர். நாற்பது வயது, சட்டைப் பையில் மூன்று பேனா, பொய் என்றால் என்னவென்றே தெரியாத முகம். நல்ல மனுஷன். பிரச்சினையே அதுதான்.

கேன்டீனில் உளுந்தவடையைப் பிட்டுக்கொண்டே எனக்கு அவர் பாடம் நடத்தினார்.

"மேடம், நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் வாசல்ல ஒரு பெயர்ப்பலகை மாட்டியிருக்கு. எதிர்ப்புச் சக்தின்னு ஒரு போலீஸ் ரோந்து வந்துக்கிட்டே இருக்கும். பலகையைப் படிக்கும். நம்ம பேர் இருந்தா விட்டுடும். வேற பேர் இருந்தா அடிச்சு நொறுக்கிடும். அடுத்தவங்க கிட்னி ஒத்துக்காம போறது அதனாலதான்."

"அப்ப பலகையைக் கழட்டிட வேண்டியதுதானே?"

"கழட்டினா புதுசு மாட்டிக்கும். உள்ள இருக்கிற ஜீன், இப்படி ஒரு பலகை செய்னு நகல் எடுத்து அனுப்பிக்கிட்டே இருக்கு. எங்க மருந்துல இருக்கிறது துளியூண்டு ஆர்.என்.ஏ துண்டு. அந்த நகலை வழியிலேயே மடக்கிக் கிழிச்சுப் போட்டுடும். ஜீன் இருக்கும், ஆனா அது பேச்சு வெளிய கேக்காது. வாயடைக்கப்பட்ட ஜீன். எடுத்த கிட்னியை இந்த மருந்துல சில மணி நேரம் ஊற வச்சா..."

"ஊறுகாய் மாதிரி."

"சரி, ஊறுகாய் மாதிரி. அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு ஊசி. பலகையே இல்லாத வீட்டைச் சந்தேகப்படுற போலீசும் ஒண்ணு உண்டு. அது கண்ணுக்காக ஒரே ஒரு பொதுப் பலகையை மட்டும் விட்டு வச்சிருக்கோம். ரத்த வகைத் தொல்லையும் இதுலயே தீர்ந்துடும்."

"அப்ப இந்தப் பொருந்தலைங்கறது?"

"இனி அந்தப் பேச்சே கிடையாது மேடம்." பூரித்துப்போய்ச் சொன்னார். "எல்லாரும் எல்லாருக்கும் பொருத்தம்."

எனக்கு வடை இறங்கவில்லை. ஜாதகத்தில்கூடப் பத்துக்கு ஆறு என்று ஏதோ ஒரு இடைவெளி வைத்திருக்கிறார்கள். இவர் பத்துக்குப் பத்து என்கிறார்.

ஆராய்ச்சியில் சேர்ந்த நோயாளிகள் பிழைத்தார்கள். அதை மறைக்க நான் யார்? வருடக்கணக்காக வரிசையில் காத்துக் கிடந்தவர்கள் வீட்டுக்கு நடந்து போனார்கள். தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஆனால் அதே தொலைக்காட்சியை எல்லாக் குடும்பங்களும் பார்த்தன. கல்யாண மண்டபத்தில் கால் வீங்கிய ஒரு சித்தப்பா வந்து உட்கார்ந்தால், சுற்றியுள்ள நாற்காலிகள் மெல்ல மெல்ல நகர ஆரம்பித்தன. மாமன் மச்சான் உறவெல்லாம் திடீரென்று ஒன்றுவிட்டது, இரண்டுவிட்டது என்று தூரம் போயிற்று. என் அறைக்கு வருகிறவர்களும் டீ குடித்துவிட்டு அழுதார்கள். நான் அவர்களுக்கு இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

அப்போதுதான் தவசிலிங்கம் குடும்பம் ஆராய்ச்சியில் சேர வந்தது.

தவசிலிங்கத்துக்கு விருதுநகரில் இரும்புக்கடை. இரண்டு வருடமாக எங்களிடம் டயாலிசிஸ். அந்த மனுஷனைத் தெரியாத ஊழியர் எங்கள் மருத்துவமனையில் கிடையாது. ராகுகாலத்தில் ஊசி குத்த விடமாட்டார். இயந்திரத்தைக் கிழக்குப் பார்த்துத் திருப்பி வைத்தால்தான் படுப்பார். இடது கைப் பழக்கமுள்ள நர்ஸ் ஒருத்தி வந்ததும், "பீச்சாங்கையால என் ரத்தத்தைத் தொடாத தாயி" என்று அவர் போட்ட கூச்சலில் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. பெண் மருத்துவர் வந்தால், பெரிய டாக்டர் எப்ப வருவாரு என்று கேட்பார். பெரிய டாக்டரே அந்த அம்மாள்தான். எனக்கும் அவருக்கும் வாரம் ஒரு சண்டை.

அவருக்குக் கிட்னி யார் தருவது என்று குடும்பம் ஏற்கெனவே கூடிப் பேசி முடித்துவிட்டு வந்திருந்தது. மனைவி மனோன்மணிக்குச் சர்க்கரை, முடியாது. மூத்த மகன் கதிரேசன் கடையைப் பார்க்கிறான். இளையவன் குமரகுருவுக்குக் கூட்டுறவு வங்கியில் வேலை. "சம்பாதிக்கிற ஆம்பளப் பிள்ளைக மேல கத்தி படக்கூடாது மேடம்" என்று மனோன்மணி தீர்ப்புச் சொல்லிவிட்டார். மூத்த மருமகளுக்குக் கைக்குழந்தை. மிச்சம் யார்? இளைய மருமகள் சித்ரலேகா. "அவளா மனசு உவந்து தர்றேங்கிறா" என்றார் மனோன்மணி. பக்கத்தில் நின்ற சித்ரலேகா தலையை ஆட்டினாள்.

கதவைச் சாத்தினேன். டீ வந்தது. அவள் அழவில்லை. நல்ல உயரமான பெண், இருபத்தைந்து வயதிருக்கும். கிளாஸை வாங்கிய கையைப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

"என்னம்மா கை இது?"

"கயிறு ஏறிப் பழகுறேன் மேடம்." குரலைத் தணித்துக்கொண்டாள். "தீயணைப்புத் துறையில நிலைய அலுவலர் பரீட்சை எழுதினேன். பாஸ் பண்ணிட்டேன். அடுத்த மாசம் உடல் தகுதித் தேர்வு. ஓடணும், கயிறு ஏறணும், ஆளைத் தோள்ல தூக்கிட்டு நடக்கணும். எல்லாம் வந்துருச்சு."

"வீட்டுக்குத் தெரியுமா?"

"அவுகளுக்கு மட்டும் தெரியும்." அவுக என்றால் புருஷன். "அத்தை, மாமாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா பொம்பளைப் பிள்ளை ஏணியில ஏறுறதான்னு மாமா வீட்டையே ரெண்டாக்கிருவாக." உள்ளங்கைக் காய்ப்பைத் தடவிக்கொண்டாள். "ஒத்தைக் கிட்னியோட எடுப்பாகளா மேடம்?"

"மருத்துவச் சோதனையிலயே திருப்பி அனுப்பிருவாங்கம்மா."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்." டீயைக் குடித்தாள். "மாமா பிழைக்கணும் மேடம். அவுக கெட்டவுக இல்ல, வாய்தான். ஆனா பன்னெண்டாவது படிக்கும்போது எங்க தெருவுல தீப்பிடிச்சப்ப ஒரு தீயணைப்பு வண்டி வந்துச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இப்ப மாட்டேன்னு சொன்னா, மாமனாரைச் சாகக் குடுத்தவள்னு சாகுற வரைக்கும் பேரு. நீங்க ஏதாவது செய்ய முடியுமா?"

போன வருடமென்றால் அவள் டீயை முடிப்பதற்குள் நான் வெளியே போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருப்பேன். இப்போது வாயில் அந்த வார்த்தை இருந்தது. நம்புவதற்குத்தான் ஆள் இல்லை.

அடுத்து அவள் புருஷன் குமரகுருவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். மென்மையான பையன். உட்கார்ந்ததுமே, "நானே தர்றேன் மேடம். எனக்குத்தான் ஆசை. அம்மா விட மாட்டேங்கிறாக, சோறு தண்ணி இல்லாம உக்காந்துருவேங்கிறாக" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க மேல கத்தி படக்கூடாது, உங்க பொண்டாட்டி மேல படலாமா?"

"அதையேதான் மேடம் நானும் கேட்டேன்."

"யார்கிட்ட?"

"மனசுக்குள்ள."

அவனுக்கு டீ வாங்கித் தரவில்லை.

நேராக டாக்டர் சிகாமணியின் ஆய்வகத்துக்குப் போனேன். குடும்பத்தார் எல்லோருடைய ரத்தத்தையும் எடுத்து, தட்டில் வைத்து, மருந்து ஊற்றிப் பார்த்திருந்தார். எல்லாம் வாயடைத்துவிட்டதாம். சந்தோஷமாகச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு சித்ரலேகா ரத்தத்துல மட்டும் மருந்து வேலை செய்யலன்னு சொல்லுங்க டாக்டர்" என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன்.

அவர் முகம் வாடிப்போயிற்று. "மேடம், இது ஆராய்ச்சி. ஒருத்தருக்கு வேலை செய்யலன்னு நான் சொன்னா, ஏன் செய்யலன்னு பத்து ஆய்வகம் தேடும். அவங்க ஜீன்ல என்ன விசேஷம்னு ரெண்டு வருஷம் மண்டையை உடைச்சுக்கும். அதுவரைக்கும் மருந்துக்கு அனுமதி தள்ளிப்போகும். வெளிய வரிசையில காத்திருக்கிறவங்கள்ல எத்தனை பேர் உயிரோட இருப்பாங்க, சொல்லுங்க."

"அதுக்காக?"

"அவங்க எப்ப வேணாலும் விலகிக்கலாம் மேடம். காரணம் சொல்ல வேண்டியதே இல்ல. விதிமுறையிலயே இருக்கு."

"டாக்டர், எந்த வீட்டுல மருமக காரணம் சொல்லாம விலகியிருக்கா? நீங்க எந்த ஊரு?"

"பரமக்குடி" என்றார் அப்பாவியாக.

அவரைத் திட்டிவிட்டு வந்தேன். ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என் பொய் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும். அவர் பொய் சொன்னால் முகம் தெரியாத பல பேர் சாவார்கள். இரண்டையும் எந்தத் தராசில் வைப்பது? ஆக, உண்மையைப் போட்டு உடைப்பது என்று முடிவெடுத்தேன். இந்தப் பெண்ணுக்கு விருப்பமில்லை, அவளை விடுங்கள் என்று எல்லார் முன்னாலும் நானே சொல்லிவிடுவது. விஷயம் தெரிந்ததும் சித்ரலேகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் மேடம். அதுக்குப் பதிலா நான் கிட்னியே குடுத்துருவேன்" என்றாள். பாவி மகளே, வேறு வழி இருந்தால் நான் ஏன் இதற்கு வருகிறேன்?

மறுநாள் காலை தவசிலிங்கத்தின் படுக்கையைச் சுற்றி அத்தனை பேரும் நின்றோம். மனோன்மணி, இரண்டு மகன்கள், சித்ரலேகா, சிகாமணி, நான். கையெழுத்து வாங்குகிற நாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

தவசிலிங்கம் முந்திக்கொண்டார்.

"ஏம்ப்பா, யாரு கிட்னி எனக்கு வைக்கப் போறீக?"

"நம்ம சித்ராதாங்க" என்றார் மனோன்மணி.

"என்னது, பொம்பள கிட்னியா?" படுக்கையிலிருந்து எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "என்ன விளையாடுறீகளா? தவசிலிங்கம் உடம்புக்குள்ள பொம்பளை உறுப்பா? நாளைக்குக் கடையில நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உக்காருவேன்? சேலையா கட்டிக்கிட்டுப் போறது?"

எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. சொல்ல வந்ததெல்லாம் மறந்து போயிற்று. "யோவ்" என்றே சொல்லிவிட்டேன். நோயாளியை அப்படிக் கூப்பிடக் கூடாது, தெரியும். "உங்களைப் பெத்தது யாரு, ஆம்பளையா? ஒரு பிள்ளை தன் உடம்பை அறுத்துத் தர்றேங்கிறா, அதுலயும் உங்களுக்குக் கௌரவம் கேக்குதா?"

சிகாமணி பதறிக்கொண்டு குறுக்கே வந்தார். "ஐயா, கிட்னியில ஆண் பெண் வித்தியாசமெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க. நல்லா வேலை செய்யும்."

"டாக்டரே, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன், ஒளிக்காம சொல்லணும். உங்க மருந்து பேர்ப்பலகையை அழிக்கும்னீக. அந்தக் கிட்னி பொம்பளையுதுங்கறதை அழிக்குமா?"

சிகாமணிக்குத்தான் பொய் வராதே. "அது வந்து... அழிக்காதுங்க. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ரெண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்கும். அது அப்படியே கடைசி வரைக்கும் இருக்கும். ஆனா அதனால..."

"போதும். கேட்டீகளா எல்லாரும்? கடைசி வரைக்கும் இருக்குமாம். ஆராய்ச்சி பண்ணுன டாக்டரே சொல்லிட்டாரு. எனக்கு வேணாம். ஆம்பளை கிட்னி கிடைச்சா வைங்க. இல்லையா, இப்படியே போறேன்."

மனோன்மணி அப்படியே நம்பினார். நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியவர், இந்த ஆள் இப்படித்தான் பேசுவார் என்பதில் அவருக்குத் துளி சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. ஆம்பளை என்றதும் எல்லார் கண்ணும் இரண்டு மகன்கள் பக்கம் திரும்பியது. கதிரேசனுக்கு அந்த நிமிஷம் பார்த்து போன் வந்தது. மணி அடித்த சத்தம் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

"அப்பா, நான் தர்றேன்" என்றான் குமரகுரு. இந்தத் தடவை வாய்விட்டுச் சொன்னான்.

மனோன்மணி, "ஏலே, நீ..." என்று ஆரம்பித்தார்.

"ஏண்டி, எம்பிள்ளை ஆம்பளை இல்லேங்கிறியா?" என்றார் தவசிலிங்கம்.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் என்ன சொல்ல முடியும்? முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். சித்ரலேகா சிவந்த முகத்தோடு மாமனாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போனாள்.

குமரகுருவை மறுபடி என் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, முறைப்படி கேட்டேன். "சம்மதம் மேடம். இப்பதான் மூச்சே வருது" என்று சிரித்தான். இந்தத் தடவை அவனுக்கு டீயோடு பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, தவசிலிங்கத்தை ஒரு பிடி பிடிப்பதற்காக அவர் அறைக்குள் நுழைந்தேன். மனதுக்குள் நல்ல நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கி வைத்திருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். நான் ஆரம்பிப்பதற்குள் மெதுவாகக் கேட்டார்.

"எம்மருமகளுக்கு அந்தப் பரீட்சை என்னைக்கு வச்சிருக்காக மேடம்?"

பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மத்தியானம் கடை சாத்துனதும் குடோன்ல போயி, சரக்கு ஏத்துற கயித்துல சரசரன்னு ஏறுறா. எனக்குக் காது நல்லா கேக்கும். ஒரு நாள் எட்டிப் பாத்தேன். அம்புட்டு உசரம். கயிறு வேற இத்துப்போன கயிறு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. மறுநாளே மூத்தவனை விட்டுப் புதுக் கயிறு கட்டச் சொல்லிட்டேன். தீயணைப்புப் பரீட்சைன்னு ராத்திரி அதுக ரெண்டும் குசுகுசுன்னு பேசிக்கிட்டதும் காதுல விழுந்துச்சு."

"அப்ப காலையில பேசுனதெல்லாம்?"

"ரெண்டு வருஷமா டயாலிசிஸ் படுக்கையில கெடக்கேன் மேடம். எதுத்தாப்புல உங்க கதவு. நீங்க பொருந்தலைன்னு சொல்றப்ப உங்க பின்னால வர்றவன் மூஞ்சியை எத்தனை தடவை பாத்திருக்கேன். வருத்தப்படுறவன் மூஞ்சியா அது? ஜாமீன்ல வந்தவன் மூஞ்சி. இரும்பு யாவாரம் பாக்கறவனுக்கு மூஞ்சி தெரியாமப் போகுமா? இந்தப் பரமக்குடி டாக்டர் வந்து உங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டாரு. சரி, பொருந்தாதுங்கறதை இந்தத் தடவை நாம சொல்லிப்புடுவோம்னு சொன்னேன். எனக்கென்ன, பழைய காலத்து மடையன்னு ஏற்கெனவே பேரு இருக்குல்ல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "நேராவே சொல்லியிருக்கலாமே ஐயா, நீ வேலைக்குப் போம்மான்னு?"

"சொல்லலாம். சொன்னா, மாமா எனக்காக விட்டுக் குடுத்தாகன்னு காலம் பூரா தலையைக் குனிஞ்சுக்கிட்டே நடப்பா. தீயணைக்கப் போறவ எதுக்குக் குனியணும்? இப்ப எம்மேல கோவமா இருக்கால்ல, அப்படியே இருக்கட்டும். நீங்களும் வாயைத் திறக்காதீக."

வெளியே வந்தேன். வராந்தாவில் சித்ரலேகா எனக்காகவே காத்து நின்றிருந்தாள். விடுதலை கிடைத்த பெண் மாதிரியே இல்லை. மூக்கு விடைத்திருந்தது.

"பாத்தீகளா மேடம், என்ன பேச்சுப் பேசுனாகன்னு? பொம்பளை கிட்னின்னா அம்புட்டுக் கேவலமா? காக்கிச் சட்டையைப் போட்டுக்கிட்டு அந்தக் கடை வாசல்ல போய் நிக்கிறேனா இல்லையான்னு பாருங்க. அப்ப தெரியும் மாமாவுக்கு."

எல்லாவற்றையும் கொட்டிவிட நாக்கு துடித்தது. இருபது வருடப் பழக்கம் எனக்குக் கைகொடுத்தது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன்.

"அந்த ஆளு அப்படித்தாம்மா, திருந்தவே மாட்டாரு" என்றேன்.